ஆப்புக்கு ஒரு சம்மட்டி

அஞ்செட்டியில் நான் பட்டறையில் உட்கார்ந்து 34 வருடம் ஆகிறது. அப்பா காலத்தில் தோல் துருத்தி, இப்போது கரண்டில் ஓடும் புளோயர். மற்றபடி வேலை அதேதான். கொடுவாள், களைக்கொத்து, கடப்பாரை, கோடாலி என்று உடைந்ததும் மழுங்கியதும் என்னிடம்தான் வரும். ஒரு கோடாலியைக் கையில் வாங்கினால், அதை வைத்திருந்தவர் என்ன வேலை செய்தார் என்று சொல்லிவிடுவேன். வாய் பொக்கையாகி வந்தால் கல்லில் பட்டிருக்கிறது. பிடி நுழையும் காது விரிந்து, முதுகு நசுங்கி வந்தால் அதை வைத்து ஆப்பு அடித்திருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது வகைதான் இப்போது அதிகம் வருகிறது.

போன மாசியில் நாட்றாம்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். மரம் அறுக்கும் மிஷின் புதிதாக வாங்கியிருக்கிறான். "மாமா, காது கொஞ்சம் விட்டுப்போச்சு, பத்த வச்சுக் குடுங்க" என்று கோடாலியை நீட்டினான். பார்த்தேன். காதின் விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல், பாதி தூரம் உள்ளே ஓடியிருந்தது. ஆடுகிற பிடியை இறுக்கச் சாக்குத்துணியைத் திணித்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் அடித்திருந்தால் தலை கழன்று பறந்திருக்கும். பக்கத்தில் கயிறு பிடித்து நின்றவன் அவன் கூடப்பிறந்த தம்பி.

"சம்மட்டி இல்லையாப்பா?" என்றேன்.

"அது எதுக்கு மாமா? கோடாலிதான் இருக்குதே."

அந்தப் பதிலுக்குத்தான் இந்தக் கட்டுரை.

மரம் வெட்டிப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வருவார்கள். நடுவில் மரத்தின் பருமனில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அறுக்காமல் விட்டுவைக்க வேண்டும். அதுதான் கதவுக்குக் கீல் மாதிரி மரத்தைப் பிடித்து வழிநடத்தும். மரம் பின்னால் சாய்ந்து மிஷின் கத்தியைக் கவ்விக்கொள்ளாமல் இருக்க, அறுத்த சந்தில் ஆப்பு இறக்குவார்கள். அந்தக் கீலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஆப்பு இருக்கிறது, மரம் 50 அடி உயரம் என்று வையுங்கள். ஆப்பு ஒரு அங்குலம் தூக்கினால் உச்சி கிட்டத்தட்ட 33 அங்குலம் நகரும். கீழே நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் மேலே அவ்வளவு கணக்கு இருக்கிறது. அந்த அடியை எதனால் அடிக்கிறோம் என்பது சின்ன விஷயமா?

நம் ஊர்க் கோடாலியின் காது உருண்டை. குழாய் மாதிரி வளைத்துப் பற்றவைத்தது. முதுகில் தட்டையான இடமே கிடையாது. உருண்டையால் ஆப்பை அடித்தால் அடி வழுக்கும். வழுக்காத அடி காதை விரிக்கும். காது விரிந்தால் பிடி ஆடும். எல்லாவற்றுக்கும் மேல், முதுகால் அடிக்கும்போது கோடாலியின் வாய் அடிக்கிறவர் முகத்தைப் பார்த்து நிற்கிறது. ஆப்பில் பட்டு எகிறினால் எங்கே வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பையன்கள் போனில் வீடியோ காட்டுகிறார்கள். அமெரிக்காவில் கோடாலி முதுகால்தான் அடிக்கிறான் என்கிறார்கள். உண்மைதான். அங்கே மேற்குக் கரைக் காடுகளில் வேலை செய்கிறவர்களின் கோடாலியைப் பாருங்கள். முதுகுப்பக்கம் கனமான, தட்டையான இரும்பு. ஆப்பு அடிப்பதற்கென்றே அந்தக் கனத்தை வைத்திருக்கிறார்கள். அவர்கள் அடிப்பதும் பிளாஸ்டிக் ஆப்பு. அந்தக் கோடாலி வேறு, நம் கோடாலி வேறு.

நமக்கு இருப்பது சம்மட்டி. எல்லை ஊர் என்பதால் என் பட்டறையில் மூன்று பாஷையும் கேட்கும். கன்னடக்காரர் சம்மட்டிகெ என்பார், தெலுங்குக்காரர் சம்மெட்ட என்பார். பேர் கூட மாறாத ஒரு சாமான் வீட்டு மூலையில் கிடக்கும்போது கோடாலியை ஏன் கெடுக்க வேண்டும்?

எந்தச் சம்மட்டி என்று கேட்டால், மரத்துக்கு 2 கிலோ போதும். கிருஷ்ணகிரி பக்கம் கல்குவாரியில் பாறை உடைக்க வைத்திருக்கும் பெரிய சம்மட்டியைச் சிலர் கடன் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது பாறைக்கு. மரத்தடியில் அதைச் சுழற்ற இடம் இருக்காது. நாலு அடியில் கை ஓய்ந்துவிடும். ஓங்கி அடிக்கிற அதிர்ச்சியில் மேலே பட்டுப்போன கிளை ஒன்று நிற்குமானால் அது தலையில் இறங்கும். ஒரு அடி அடித்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்த அடி. கனமான சம்மட்டி அந்தப் பழக்கத்தைக் கெடுக்கும். குவாரிக்காரர்களிடம் கற்க வேண்டியது பிடியை. கல்மூங்கிலைப் பிடியாகப் போட்டிருப்பார்கள். அடி விழும்போது அது வளைந்து கொடுக்கும், அதிர்ச்சி மணிக்கட்டுக்கு வராது. இரும்புக் குழாயைப் பிடியாகப் பற்றவைத்துக் கேட்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை.

ஆப்பு எதுவோ அதற்கேற்ற அடி. ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் இரும்பு ஆப்பு ஆகாது, சங்கிலி பட்டால் பல் போய்விடும், அறுந்தும் போகும். மர ஆப்பு அல்லது பிளாஸ்டிக் ஆப்புதான் சரி. கருவேலங்கட்டையில் செய்த ஆப்புக்குக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலே போதும். பேரில் புளி இருக்கிறது, புளியங்கட்டையில் செய்தால் அதற்கு ஈடும் இல்லை. கறிக்கடைக் கட்டையாக வருடக்கணக்கில் வெட்டு வாங்குவதும் அதே மரம்தானே. கொட்டாப்புளி ஆப்பின் தலையைச் சிதைக்காது. கிழிந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

இரும்பு ஆப்பு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதன் தலையைப் பாருங்கள். அடி வாங்கி வாங்கிக் காளான் குடை மாதிரி விரிந்திருந்தால் அதை அப்படியே அடிக்கக் கூடாது. விரிந்த விளிம்பு சில்லு சில்லாகத் தெறிக்கும். என் பெரியப்பா புளியங்கிளை பிளந்துகொண்டிருந்தபோது அப்படித் தெறித்த ஒரு சில்லுதான் அவருடைய இடது கண்ணைக் கொண்டுபோனது. அரிசி அளவு கூட இல்லை. எனக்கு அப்போது 12 வயது. துருத்தி ஊதிக்கொண்டிருந்தேன். அன்று முதல் எங்கள் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு ஆப்பின் தலையையும் கேட்காமலே தேய்த்துக் கொடுக்கிறோம், அதற்குக் கூலி வாங்குவதில்லை. சிலர் லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, பதம் ஏற்றி ஆப்பு செய்து தரச் சொல்கிறார்கள். பட்டையில் கொடுவாள் செய்யலாம். ஆனால் ஆப்பின் தலை சம்மட்டியை விட மென்மையாக இருக்க வேண்டும். பதம் ஏறிய இரும்பும் பதம் ஏறிய இரும்பும் மோதினால் ஏதாவது ஒன்று தெறித்தே தீரும்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா பக்கம் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, விழுந்த மரங்களை அறுக்க ஏராளமான மிஷின்கள் தேவைப்பட்டன. அதற்குப் பிறகு மிஷின் எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. நல்லதுதான். நாள் முழுக்க ரம்பம் இழுத்த கைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் மிஷினுக்கு 15,000, 20,000 கொடுக்கிறவர்கள் ஆப்புக்கும் சம்மட்டிக்கும் 500 ரூபாய் செலவழிக்க யோசிக்கிறார்கள். விற்கிற கடைக்காரரும் பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது என்று சொல்லித் தருகிறாரே தவிர, ஆப்பு பற்றி வாய் திறப்பதில்லை. மானியத்தில் கருவிகள் கொடுக்கும் வேளாண் பொறியியல் துறை, மரம் அறுக்கும் மிஷின் வாங்கும் விவசாயிக்கு இரண்டு ஆப்பையும் 2 கிலோ சம்மட்டி ஒன்றையும் தலைக்கவசத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஒரு நாள் நின்று சொல்லியும் கொடுக்கலாம். மிஷினின் விலையோடு பார்த்தால் இது பெரிய தொகை அல்ல.

அந்தப் பையனின் கோடாலியை நான் பற்றவைக்கவில்லை. விரிசல் விட்ட காது பற்றவைத்தாலும் நம்ப முடியாதது. தலையை வாங்கி வைத்துக்கொண்டு, மூங்கில் பிடி போட்ட சம்மட்டி ஒன்றைக் கொடுத்தேன். பணம் அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்றான். தந்துவிட்டான்.

உங்கள் வீட்டிலோ கொல்லையிலோ மரம் வெட்ட ஆள் வந்தால், கூலி பேசும் முன் சம்மட்டியும் ஆப்பும் கொண்டுவந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்று வேலையைத் தொடங்க விடாதீர்கள்.