காத்திருப்புக்கும் கணக்கு வேண்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

"வெயிட்டிங் லிஸ்டுன்னா ரயிலுல போடுறாங்களே, அது மாதிரியாம்மா?" என்று என் தந்தையார் கேட்டார்.

அது 2025 ஆகஸ்டு மாதம். மருத்துவக் கலந்தாய்வின் முதல் சுற்று முடிந்திருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான பட்டியலில், எங்கள் பிரிவின் கடைசி இடம் நிரம்பியபோது எனக்கு முன்னே இன்னும் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். அரசு ஏட்டில் அதற்குப் பெயர் 'அடுத்த சுற்று'. ஊரார் வாயில் 'வெயிட்டிங் லிஸ்ட்'. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே என் தந்தையார் அறிந்த ஒரே காத்திருப்போர் பட்டியல் ரயில்வேயினுடையதுதான். "ஆமாம்ப்பா, அது மாதிரிதான்" என்று சொல்லி வைத்தேன்.

சொன்னது தவறு என்பதைப் பிறகு உணர்ந்தேன். ரயிலில் இடம் உறுதியாகவில்லையென்றால் பிடித்தம் போக மிச்சப் பணம் கைக்கு வந்து சேரும். இங்கே போன ஆண்டு திரும்பி வருவதில்லை.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியின் விலங்கியல், தாவரவியல், வேதியியல் வகுப்புகளில் ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். உடல் மட்டும் பெஞ்சில் இருக்க, உள்ளம் எங்கோ ஒரு மருத்துவக் கல்லூரி வாயிலில் நிற்கும் முகங்கள் எத்தனை! நானும் அவ்வாறு நின்றவள்தான். மூன்று முறை தேர்வு எழுதியவள் என்ற உரிமையில் சில சொற்களை இங்கே எழுதத் துணிகிறேன்.

அன்றும் இன்றும்

மருத்துவம் படிக்க விரும்பியவர்கள் காத்து நின்றது இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. அதற்கு மட்டும் 75 மதிப்பெண்கள். விளையாட்டு, தேசிய மாணவர் படை, உடல்நலம், பொதுத் திறன் என்றெல்லாம் தலைப்புகள் வகுத்திருந்தார்கள். ஆனால் தேர்வுக் குழுவினர் தலைப்பு வாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக மதிப்பெண் போட்டார்கள் என்று வழக்கு எழுந்தது. பெரியகருப்பன் வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 1970-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த முறையைக் கண்டித்தது. பின்னர் 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. அதை நீக்கச் சட்டம் இயற்றி, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றார்கள். 2017-இலிருந்து நீட் தேர்வு கட்டாயமாயிற்று.

முறைகள் மாறின. வாயிலில் நிற்கும் கூட்டம் மட்டும் குறையவில்லை. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 1,450 இடங்கள் கூடின. அப்படியும் போதவில்லை. 2025-இல் நாடு முழுவதும் 22 லட்சம் பேர் நீட் எழுதினார்கள். அவர்களில் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் 'தகுதி பெற்றார்கள்'. இருக்கும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒன்றரை லட்சத்தைக்கூட எட்டாதவை. 'தகுதி' என்ற சொல்லை நம்பி இனிப்பு வழங்கிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. தகுதி வேறு, இடம் வேறு என்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

மீண்டும் மீண்டும் எழுதுவது இன்று வழக்கமாகவே ஆகிவிட்டது. நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கை ஓர் உண்மையைக் காட்டியது. 2016-17-இல் தமிழகத்தில் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 100-க்கு 12 பேர் அளவில்தான் இருந்தார்கள். 2020-21-இல் அது 71 ஆகிவிட்டது. அதாவது ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் அமர்ந்து, பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டி எழுதுவோருக்கே கதவு திறக்கிறது. அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது? என் அன்னையின் தோடு அடகுக் கடைக்குப் போனது அந்த ஓராண்டுக்காகத்தான்.

இம்முறை சரியா தவறா என்ற வழக்கு நாட்டில் நடந்துகொண்டே வந்திருக்கிறது. 1200-க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதாவை 2017 செப்டம்பர் முதல் நாளில் இழந்தோம். 2021-இல் சட்டமன்றம் விலக்கு கோரி மசோதா நிறைவேற்றியது. 2025-இல் அதற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு கிடைக்கவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அந்த வழக்கை நடத்துவோர் நடத்தட்டும். நாமும் குரல் கொடுப்போம். ஆனால் இந்த ஆண்டு ஜூலையில் வகுப்புக்கு வந்து அமரும் பதினெட்டு வயதுப் பிள்ளை தீர்ப்பு வரும்வரை என்ன செய்வது? என் வினா அதுதான்.

திண்ணையில் நடக்கும் நேர்முகம்

கல்லூரியில் நேர்முகத் தேர்வு ஒழிந்தது. ஆனால் தெருவில் ஒழியவில்லை! "என்ன கண்ணு, இந்த வருசமாச்சும் கிடைச்சிருமா?" என்று மளிகைக் கடையில் ஒரு கேள்வி. "பக்கத்து ஊருப் பையனுக்குக் கிடைச்சிருச்சாமே" என்று கோயில் வாசலில் ஒரு கேள்வி. "பொட்டப்புள்ளைக்கு எத்தனை வருசம்தான் செலவு பண்ணுவே?" என்று என் தந்தையாரிடம் ஒரு கேள்வி. உறவினர் எல்லாரும் தேர்வுக் குழுவினர். மதிப்பெண்ணை மட்டும் சொல்லமாட்டார்கள்.

இவ்வினாக்களுக்கு அஞ்சியே பலர் மறுபடியும் மறுபடியும் எழுதுகிறார்கள் என்பது என் கருத்து. விருப்பத்தால் எழுதுவது ஒன்று, வெட்கத்தால் எழுதுவது மற்றொன்று. மூன்றாம் முறை நான் எழுதியது பாதிக்கு மேல் வெட்கத்தால்தான் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கு என்ன?

காத்திருப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. கணக்கின்றிக் காத்திருப்பது பிழை.

முதலாவது, மதிப்பெண்ணைப் பாராது தரவரிசையைப் பார்க்கவேண்டும். 2024-இல் என் மதிப்பெண் முந்தைய ஆண்டைவிட நன்றாக உயர்ந்தது. வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம். பட்டியல் வந்தபோது நான் முன்னைவிடப் பின்னே இருந்தேன். அந்த ஆண்டு எல்லாருடைய மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தது. 2025-இல் வினாத்தாள் கடினம். என் மதிப்பெண் குறைந்தது, ஆனால் தரவரிசை முன்னேறியது. தன் பிரிவில் சென்ற ஆண்டு கடைசி இடம் எந்தத் தரவரிசையில் முடிந்தது, தான் அதற்கு எவ்வளவு தொலைவில் நிற்கிறோம் என்ற இரண்டு எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி மயக்கம் தெளியும்.

இரண்டாவது, எத்தனை முறை என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் உச்ச வயது வரம்பை நீக்கியது. எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கும் வரம்பு வைக்கவில்லை. நன்மைதான். ஆயினும் வெளியே வேலி இல்லாத இடத்தில் நாமே வேலி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெற்றோருடன் அமர்ந்து, "இன்னும் ஒரு முறை, அதற்கு மேல் இல்லை" என்று பேசிவிட்டால் அந்த ஒரு முறையும் நன்றாக அமையும்.

மூன்றாவது, வரவு செலவு. பயிற்சிக் கட்டணம் மட்டும் செலவன்று. அந்த ஆண்டில் வீட்டில் யார் எதை விட்டுக் கொடுக்கிறார்கள் என்பதும் சேர்த்தி. என் தம்பியின் சைக்கிள் இரண்டு ஆண்டு தள்ளிப் போயிற்று. அவன் ஒரு சொல் சொல்லவில்லை.

நான்காவது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையே எழுத வந்தேன்.

நான்கு சிவப்புக் கோடுகள்

2024-இல் இக்கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது கலந்தாய்வின் கடைசி நாளில். யாரோ ஒருவர் வேறு கல்லூரிக்குச் சென்றுவிட்டதால் ஓர் இடம் காலியாயிற்று. அந்த வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தோம். அவள் தாயார் கொடுத்த புளிச்சோற்றை இருவரும் பகிர்ந்து உண்டோம். என் பெயரை அழைத்ததும் "இடங்கள் முடிந்தன" என்றார்கள். அவள் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிச் சென்றாள்.

வகுப்புகள் ஜூலையில் தொடங்கின. மருத்துவக் கலந்தாய்வோ மழைக்காலம்வரை சுற்றுச் சுற்றாக நீண்டது. ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் வகுப்பிலிருந்து ஒருவர் மருத்துவம், சித்த மருத்துவம், செவிலியர் படிப்பு என்று சென்றார்கள். நவம்பரில் வருகைப் பதிவேட்டில் நான்கு பெயர்கள் மீது சிவப்பு மைக் கோடு விழுந்திருந்தது. ஆய்வகத்தில் நான்கு நுண்ணோக்கிகள் உறை மாட்டியபடியே இருந்தன. சேர்க்கை முடிந்துவிட்டதால் அவ்விடங்களில் யாரையும் சேர்க்க இயலவில்லை.

தீபாவளிக்குத் துணி எடுக்கச் சென்றபோது அந்தப் பெண்ணைக் கண்டேன். ஜவுளிக் கடையில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, காலேசு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான்கு இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

சென்றவர்கள் மீது குற்றமில்லை. நல்ல வாய்ப்பு வந்தால் செல்லத்தான் வேண்டும். ஆனால் அன்று எனக்கு ஒன்று விளங்கியது. அங்கே நாம் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறோம். இங்கே நமக்காக வேறொருவர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார். நாம் பாதி மனத்துடன் அமர்ந்திருக்கும் பெஞ்சு, இன்னொருவர் முழு மனத்துடன் வேண்டிய இடம்.

விளங்கியும் திருந்தினேனா? இல்லை! மறு ஆண்டும் எழுதினேன். 2025 ஆகஸ்டு முதல் கடைசிச் சுற்று வரை ரெக்கார்டு நோட்டு வாங்காமல், "எப்படியும் போகப் போகிறோமே" என்ற நினைப்பில் வகுப்புக்கு வந்தேன். ஒன்பது பேர் ஐந்து பேரானார்கள், பின் இருவரானார்கள். அத்துடன் பட்டியல் நின்றது. எனக்கு மிஞ்சியது விலங்கியலில் ஓர் அரியர். அதுவரை ஒரு நாளும் அரியர் வைத்தறியாதவள் நான்.

அன்று மாலை ஆய்வகத்தில் எங்கள் பேராசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உறை மாட்டியிருந்த நுண்ணோக்கி ஒன்றை எடுத்துத் துடைத்து என் முன் வைத்து, "இது உனக்கு. நாளையிலிருந்து வா" என்றார். வந்தேன். மண்புழுவின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அன்றுதான் முதன்முதலாகப் பொறுமையாகப் பார்த்து வரைந்தேன்.

செய்யக் கூடியவை

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள். ஆண்டின் தொடக்கத்திலேயே மறுமுறை எழுத இருப்பவர்கள் யார் என்று கேட்டறியுங்கள். எள்ளலின்றிக் கேட்டால் அவர்கள் மறைக்கமாட்டார்கள். காலியாகும் இடங்களை மருத்துவக் கலந்தாய்வின் முதற்சுற்று முடியும் நாள் வரையிலாவது நிரப்ப வழியுண்டா என்று கல்லூரி நிர்வாகம் மேலிடத்துக்கு எழுதவேண்டும். தாமதமாக வருவோருக்கு விட்டுப்போன பாடங்களைச் சொல்லித்தர நாங்கள் இருக்கிறோம்.

மாணவ நண்பர்களே! செல்ல முடிவு செய்தால் அன்றே அலுவலகத்தில் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதம் ஒருவருடைய ஓராண்டு. தங்கினால் முழுதாகத் தங்குங்கள். அடுத்த சேர்க்கைக் காலத்தில் கல்லூரி வாயிலில் ஒரு மேசை போட எண்ணியிருக்கிறோம். தரவரிசை என்றால் என்ன, பிரிவு என்றால் என்ன, எந்தச் சுற்றில் விலகினால் கட்டணம் போகும் என்பவற்றை, என் தந்தையாரைப் போன்றவர்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல இரண்டு மூன்று பேர் போதும். பட்டவர்களைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நானும் ஒரு வேலி போட்டுவிட்டேன். நான்காம் முறை எழுதப்போவதில்லை. சிதம்பரத்தில் பிறந்து, இயற்பியல் படித்து, பின் உயிரியலுக்கு வந்து, 2009-இல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைக் காட்டி என்னை ஆறுதல்படுத்துவோர் உண்டு. அவ்வளவு பெரிய ஆறுதல் எனக்கு வேண்டாம். அரியரை முடிக்கவேண்டும், முதுகலையில் நுண்ணுயிரியல் படிக்கவேண்டும். இப்போதைக்கு இவை போதும்.

சென்ற வாரம் தந்தையார் மீண்டும் கேட்டார்: "அந்த வெயிட்டிங் லிஸ்ட் என்னம்மா ஆச்சு?"

"அதுலேருந்து பேரை எடுத்துட்டேன்ப்பா. இங்க ஏற்கெனவே உக்காந்துதான் இருக்கேன்" என்றேன்.