காஸாவின் குழந்தைகள்: வயிற்றோட்டம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள்…

2023இல் குண்டுவீச்சில் இறந்தோரின் எண்ணிக்கையை நாம் தினமும் பார்த்தோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2023 நவம்பர் 8ஆம் திகதி வெளியிட்ட இன்னோர் எண்ணிக்கை அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து காஸாவில் 33,551 இற்கும் அதிகமான வயிற்றோட்ட நோயாளர்கள் பதிவாகியிருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 2021, 2022இல் இந்த வயதினரில் மாதத்துக்குச் சராசரியாக 2,000 பேரே பாதிக்கப்பட்டிருந்தனர்.

‘வயிற்றோட்டம்தானே, ஜீவனி கரைத்துக் கொடுத்தால் சுகமாகிவிடும்’ என்று நம்மில் பலர் நினைக்கலாம். தண்ணீராகப் போகும் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் அது சரி. ஆனால் இரத்தமும் சளியும் கலந்து போகும் வயிற்றுளைவு வேறு நோய். இந்த ஒற்றை எண்ணிக்கை இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

குழந்தைகளின் வயிற்றுளைவுக்கு முக்கிய காரணம் ஷிகெல்லா என்னும் பக்டீரியா. அது பெருங்குடலின் உட்சுவரிலுள்ள கலங்களுக்குள் புகுந்து பெருகி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பரவுகிறது. அதை எதிர்க்க வெண்குருதிக் கலங்கள் திரளும்போது அழற்சி கூடி, உட்சுவர் சிதைந்து புண்ணாகிறது. இரத்தம் வருவது அந்தப் புண்ணிலிருந்துதான். புண்ணின் வழியே உடலின் புரதமும் கசிகிறது. முக்கி முக்கிச் சில குழந்தைகளுக்கு மலக்குடலே வெளியே தள்ளிவிடும். ஏற்கெனவே பட்டினியில் இருக்கும் குழந்தை இதிலிருந்து மீள்வது மிகக் கடினம். மீண்டாலும் வளர்ச்சி பின்தங்கும்.

என் மகனுக்கு இரண்டு வயதில் இந்நோய் வந்தது. வைத்தியசாலை பக்கத்தில் இருந்தது, அன்டிபயோட்டிக் மருந்தும் இருந்தது. மூன்றாம் நாள் எழுந்து விளையாடினான். காஸாவின் தாய்க்கு இவற்றில் எது இருக்கிறது?

ஷிகெல்லா தொற்றுவதற்கு 10 முதல் 100 கிருமிகளே போதும். கழுவாத ஒரு கை அதற்குத் தாராளம். 2023 நவம்பரில் காஸாவில் எரிபொருள் இல்லாமல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் நின்றுவிட்டிருந்தன. குப்பை அகற்றப்படவில்லை. ஒரு மலசலகூடத்தைப் பெருங்கூட்டம் பங்கிட்டது. அனுமதிபெற்ற தடுப்பூசியும் இந்நோய்க்கு இல்லை.

ஆகவே உணவு லொறிகளை மட்டும் எண்ணி நாம் ஆறுதலடைய முடியாது. புண்ணான குடலுள்ள குழந்தைக்கு உணவு மட்டும் போதாது. எரிபொருள், சவர்க்காரம், மருந்து, கிருமியைக் கண்டறியும் ஆய்வுகூட வசதி எல்லாம் உள்ளே போக வேண்டும். எரிபொருளைத் தடுப்பது குழந்தையின் குடிநீரைத் தடுப்பதாகும். நமது துஆக்களோடு, நமது அறிக்கைகளும் கோரிக்கைகளும் இதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.