எண்ணூருக்கு வந்த எரிவாயு



வடசென்னை என்றாலே புகை, சாம்பல், எண்ணெய்க் கசிவு என்றுதான் எழுத நேர்கிறது. இந்த முறை எண்ணூரின் வாசலுக்கே வந்து நிற்கும் ஒரு வாய்ப்பைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன்.

காமராஜர் துறைமுகத்தில் 2019 மார்ச்சில் இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் திறக்கப்பட்டது. இந்தியாவின் கிழக்குக் கடற்கரையில் இதுதான் முதல் முனையம். ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளலாம். மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் எரிவாயு திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கப்பலில் அப்படி வருவதை இறக்கி, சூடேற்றி, மறுபடி வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள்.

இதற்கு முன்பிருந்தே உலக எரிவாயுச் சந்தை தலைகீழாகிக்கொண்டிருந்தது. காரணம், ஷேல் கேஸ். இறுகிய களிப்பாறைக்குள் அடைபட்ட வாயுவை லாபகரமாக எடுக்க முடியாது என்று பெரிய கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செல் என்பவர் விடவில்லை. மிகுந்த அழுத்தத்தில் தண்ணீரையும் மணலையும் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை, 1990-களின் கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது. பூமிக்கடியில் பக்கவாட்டில் துளையிடும் நுட்பமும் சேர்ந்துகொள்ள, அமெரிக்காவின் கணக்கே மாறிப்போனது. லூசியானாவின் சபீன் பாஸ் முனையம் 2008-ல் திறக்கப்பட்டது இறக்குமதிக்காக. 2016-ல் அங்கிருந்தே ஏற்றுமதிக் கப்பல் புறப்பட்டது. 2018-ல் கெயில் நிறுவனத்தின் நீண்டகால ஒப்பந்தப்படி அந்த எரிவாயு மகாராஷ்டிரத்தின் தாபோலுக்கு வந்து இறங்கியது. 2023-ல் உலகிலேயே அதிக எல்.என்.ஜி. ஏற்றுமதி செய்த நாடு அமெரிக்காதான்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. 2016-ல் அமெரிக்க மின் உற்பத்தியில் எரிவாயு நிலக்கரியை முந்தியது. எண்ணூரில் அப்படி நடக்கவில்லை. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலை நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது, நல்ல செய்தி. ஆனால் வடசென்னை அனல் மின் நிலையம் இன்னும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. சாம்பல் குழாய் கசிந்தால் கொசஸ்தலை ஆறு வெளுத்துப்போகிறது. முகத்துவாரத்தில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் விரல்களில் இறாலுக்குப் பதில் சாம்பல்தான் தட்டுப்படுகிறது.

ஏன் மாறவில்லை? விலைதான். உக்ரைன் போர் மூண்ட 2022-ல் ஐரோப்பிய நாடுகள் என்ன விலையானாலும் தரத் தயாராக நின்றன. கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின. பாகிஸ்தானும் வங்கதேசமும் மின்வெட்டில் தவித்தன; இந்தியாவும் கொள்முதலைக் குறைத்துக்கொண்டது. இறக்குமதியையே நம்பி மின் நிலையம் நடத்துவது எவ்வளவு சங்கடம் என்று அந்த ஆண்டு காட்டிவிட்டது.

நம் மண்ணிலேயே எடுக்கலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காவிரிப் படுகையிலும் ஷேல் பாறை உண்டு. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து 2017-ல் மக்கள் போராடிய பிறகு, 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிதாக ஷேல் கேஸ் எடுக்கத் தடை போட்டது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். நிலத்தடி நீர் போனால் நெல்லும் போகும். நீரைப் பற்றிய அதே பயம், ஷேல் கேஸ் எடுக்கப்படும் அமெரிக்காவின் பென்சில்வேனியா விவசாயிக்கும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. மேலும், எரிவாயு வரும் வழியில் அதிலுள்ள மீத்தேன் கசிந்தால், நிலக்கரியை விட்டதால் பருவநிலைக்குக் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி வீணாகும்.

எண்ணூருக்கு வரும் எரிவாயு 1,400 கிலோமீட்டருக்கும் நீளமான குழாய்த் திட்டத்தில் பெங்களூருக்கும் தூத்துக்குடிக்கும் போகிறது; போகட்டும். ஆனால் முனையத்தையும் அதன் ஆபத்தையும் சுமக்கும் ஊருக்கே முதல் பங்கு சேர வேண்டும். எண்ணூர் காட்டுக்குப்பத்து அடுப்புகளுக்குக் குழாய் கேஸ் வரட்டும். திருவொற்றியூர் வழியாக ஓடும் கன்டெய்னர் லாரிகள் டீசலை விட்டு எரிவாயுவுக்கு மாறட்டும். இவற்றுக்குப் பெரிய மின் நிலையத்துக்கு வேண்டிய அளவு எரிவாயு தேவையில்லை.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வாசகர்களே, உங்கள் தெருவுக்குக் குழாய் கேஸ் வந்துவிட்டதா? மொட்டை மாடியில் காயும் துணியில் இன்னும் கரி படிகிறதா? தெருப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கங்கள் உங்கள் கடிதங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்