மிளகாய்ச் செடியைக் கொல்வது பனியா, கையா?

மார்கழி பிறந்தால் தர்மபுரிப் பக்கம் பல வீடுகளில் ஒரு கொலை நடக்கும். பதறாதீர்கள், மிளகாய்ச் செடிக்குத்தான்! ஆடியில் வைத்த நாற்று ஐப்பசி, கார்த்திகையில் கை கொள்ளாமல் காய்த்திருக்கும். மார்கழியில் விடிகாலைப் பனி இறங்க ஆரம்பித்ததும் இலை பழுக்கும், பூ நிற்கும், செடி குச்சி குச்சியாய்த் தெரியும். "அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு" என்று ஒரே இழு. செடி குப்பைமேட்டில் கிடக்கும். தொட்டி அடுத்த ஆடி வரை காலியாக இருக்கும்.

உண்மையில் முடிந்துபோனது செடி அல்ல, வீட்டுக்காரரின் பொறுமைதான்.

மிளகாய் ஒரு வருடத்துப் பயிர் என்று எல்லோரும் நினைப்பதற்கு அதன் பெயரும் ஒரு காரணம். பாட்டனி பாடத்தில் கேப்சிகம் ஆனுவம் என்று எழுதி மார்க் வாங்கியவர்களுக்குத் தெரியும், 'ஆனுவம்' என்றால் ஓராண்டுச் செடி. 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர். அவர் இருந்தது சுவீடனில். அங்கே குளிர்காலத்தில் வெளியே விட்ட மிளகாய்ச் செடி உறைபனியில் செத்துத்தான் போகும். ஆனால் மிளகாய் பிறந்தது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளில். போர்ச்சுக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. உறைபனி இல்லாத இடத்தில் அது பல வருடம் வாழும் சிறு புதர். கேரள வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் காந்தாரி மிளகாய் வேறு இனம்தான் என்றாலும், மிளகாய்க் குடும்பத்தின் ஆயுளுக்கு அது நல்ல சாட்சி.

வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே குளிர் கொல்லும் ஊரில் இருப்பவர்கள் மிளகாயைக் காப்பாற்றுகிறார்கள். டொரண்டோவில் இருக்கும் ஈழத்தமிழர் வீடுகளில் பனிக்காலம் நெருங்கினால் கறிவேப்பிலைத் தொட்டியும் மிளகாய்த் தொட்டியும் வீட்டுக்குள் குடியேறிவிடும். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் செடியை அரையடிக்கு வெட்டி, ஜன்னலோரம் வைத்து, மண் காயாத அளவுக்கு மட்டும் தண்ணீர் காட்டி, வசந்தம் வந்ததும் மறுபடி வெயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். தர்மபுரியில் மார்கழி இரவு 16, 17 டிகிரிக்கு இறங்கினாலே சால்வையைத் தேடுகிறார்கள். அந்தக் குளிரில் மிளகாய் சாகாது. வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தூங்கும். தூங்குகிற செடியைத்தான் செத்தது என்று பிடுங்குகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? மார்கழி முழுக்கச் செடியைச் சும்மா விடுங்கள். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். (இந்தக் காலத்தில் தொட்டிச் செடி சாவது பெரும்பாலும் குளிரால் அல்ல, தினம் ஒரு சொம்பு ஊற்றும் பாசத்தால்!) பொங்கல் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் கவாத்து. தண்டு முதலில் கவையாகப் பிரியும் இடத்துக்கு மேலே நாலைந்து கணு விட்டு, மீதியைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து மக்கிய எருவைப் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கணுவுக்குக் கணு தளிர் வரும். விதை போட்டு ஆரம்பித்தால் நாற்றுக்கே 40 நாள், நட்ட பிறகு முதல் காய்க்கு இன்னும் 70 நாளுக்கு மேல். பழைய வேர் இருக்கும் செடிக்கு அந்தக் காத்திருப்பில் பாதி போதும். சித்திரை வெயிலில் பூ கொட்டும். அப்போது மதிய வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்தினால் ஆனி, ஆடிச் சாரலுக்கு மறுபடி துளிர்க்கும். இரண்டு மூன்று வருடம் இப்படி ஓட்டலாம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அது வலுவான வாதம். பழைய செடி நோயின் வீடு. வயலில் அறுவடை முடிந்த மிளகாயை அகற்றச் சொல்வது சும்மா அல்ல. முரணை விழுந்த செடியைக் கவனித்துப் பாருங்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இவை இரண்டும் அடக்கக் கூடியவை. ஆரம்பத்திலேயே பிடித்து வேப்பெண்ணெய்யைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்தால் வீட்டுச் செடி தேறும். ஆனால் இலை சிறுத்து, மஞ்சள் ஓடி, கணுக்கள் நெருங்கிக் கொத்தாகக் குறுகிப் போனால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது.

இங்கேதான் விஷயம் ஒரு வீட்டின் தொட்டியைத் தாண்டிப் போகிறது. பாலக்கோடு, மாரண்டஅள்ளி வட்டாரத்தில் வீட்டுக்கு அடுத்த வரப்பிலேயே தக்காளி நிற்கும். மிளகாயின் இலைச்சுருட்டை வைரஸ் தக்காளியையும் விடுவதில்லை. "ஆசையாய் வளர்த்த செடி" என்று ஒருவர் மொட்டை மாடியில் வைத்திருக்கும் ஒரு நோய்ச்செடியிலிருந்து, கடன் வாங்கி நட்ட ஒரு விவசாயியின் தோட்டத்துக்கு வெள்ளை ஈ பறந்து போக முடியும். அவருக்கு அது பொழுதுபோக்கு அல்ல, அந்த வருடத்துச் சாப்பாடு.

ஆகவே நியாயம் இரண்டு பக்கமும் வெட்டும். நோயில்லாத செடியை மார்கழியில் பிடுங்காதீர்கள். வைரஸ் விழுந்த செடியை எந்த மாதமாக இருந்தாலும் வைத்திருக்காதீர்கள். அதைப் பிடுங்கிக் குப்பைமேட்டில் வீசாமல் புதைத்துவிடுங்கள். இப்போது பல வீடுகளில் நடப்பது நேர் தலைகீழ். இலை உதிர்ந்த நல்ல செடி குப்பைக்குப் போகிறது. சுருண்டு கிடக்கும் நோய்ச்செடியோ "இன்னும் பச்சையாத்தானே இருக்கு" என்ற இரக்கத்தில் தப்பிக்கிறது.

பச்சை மிளகாய் விலை ஏறும்போது கடைக்காரரைத் திட்டுவது சுலபம். அதற்கு முன்னால் ஒருமுறை கொல்லைப்பக்கம் போய், அந்த மொட்டைக் குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. கையை எடுத்துவிடுங்கள்!