விதிவிலக்கு நற்சான்று ஆகாது!

பழைய வண்டி, ஆகவே பரிசோதனை வேண்டியதில்லை! இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளில் 2018ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி நடைமுறைக்கு வந்த விதியின் சாரம் இதுவே. உற்பத்தியாகி 40 ஆண்டுகள் கடந்த மோட்டார் வண்டி, கடந்த 30 ஆண்டுகளுள் முக்கிய பாகங்களிற் பெருமாற்றம் பெறாதிருப்பின், எம்.ஓ.ரி. எனப்படும் வருடாந்த வீதித் தகுதிப் பரிசோதனைக்கு உட்பட வேண்டியதில்லை. மாற்றம் பெறவில்லை என்று உறுதி கூறுபவர் யார்? வண்டியின் உரிமையாளரே! அவர் படிவத்திற் கையொப்பமிட்டால் போதும். கிழட்டு எருதுக்கு மட்டும் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்று சந்தையில் ஒருவன் சொன்னால், நம் கமக்காரன் நகைக்க மாட்டானா?

இங்கிலாந்தின் விதி நமக்கு எதற்கு என்று கேட்பாரும் உளர். விலக்குப் பெற்ற வண்டிகள் நமக்கு அந்நியமானவையல்ல. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் அவற்றுள் அடங்கும். 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடி நம் மக்களைச் சுமந்தவை அவை. இலண்டனில் வாழும் நம்மவர் ஒருவர், தந்தையார் ஓட்டிய வண்டியின் நினைவால் அத்தகைய ஒன்றை வாங்க எண்ணினால், அவர் எதிர்நோக்குவது இந்த விதியையே.

இப்பரிசோதனை பிறந்த வரலாற்றை நோக்குவோம். 1960ஆம் ஆண்டு, ஏர்னஸ்ற் மார்பிள்ஸ் போக்குவரத்து மந்திரியாக இருந்தபோது அது தொடங்கியது. அன்று 10 ஆண்டுகள் கடந்த வண்டிகளின் பிறேக், விளக்கு, ஸ்ரியறிங் ஆகியனவே சோதிக்கப்பட்டன. தேறாத வண்டிகள் மிகப் பலவாக இருந்தமையால், அடுத்த ஆண்டே வயதெல்லை 7 ஆகக் குறைக்கப்பட்டது. 1967இல் 3 ஆயிற்று. பழைய வண்டியே ஆபத்தானது என்ற காரணத்தாற் பிறந்த சட்டம், இன்று பழைய வண்டியையே கைவிட்டு நிற்கிறது. இதனினும் தலைகீழான நியாயம் உண்டோ?

2012இல் 1960க்கு முற்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது. 2018இன் விதியோ ஆண்டுதோறும் தானே நகர்ந்து செல்வது. 1980களின் முற்பகுதியில் உற்பத்தியாகி, நெடுஞ்சாலையில் மணிக்கு 100 மைல் ஓடவல்ல வண்டிகளும் அதனுள் வந்துவிட்டன. விதியை இயற்றுமுன் அரசாங்கம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. பதிலளித்தோருள் எதிர்த்தோரே அதிகம். கேட்டபின் கேளாதது போல் நடப்பது ஆட்சியாளருக்குப் புதிய வழக்கமா?

விலக்கை ஆதரிப்போர் கூறும் நியாயம் யாது? பழைய வண்டிக்காரர் தம் வண்டியைக் கண்ணைப் போற் காப்பவர். அதைச் சிறிது தூரமே ஓட்டுபவர் என்கின்றனர். காப்பவர் பலர் உளர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விற்பவர் அவர்களுள் ஒருவர்தாமா என்பதை வாங்குபவர் எங்ஙனம் அறிவார்? மேலும், ஓடாது நிற்பதும் வண்டிக்குக் கேடே. நிற்கும் வண்டியின் பிறேக் இறுகிவிடுகிறது. றப்பர்க் குழாய் வெடிக்கிறது. தேயாத ரயரும் முதுமையால் பிளக்கிறது.

மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அதன் முன் சில்லைத் தாங்கும் மரையுள்ள மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து விழும். பிறேக் எண்ணெய்க்கு ஒரே வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் இல்லை. பின் வில்லுத்தகடு பொருந்தும் இடத்தைக் கறள் அரித்திருக்கும். மேலே பூசிய புதுப் பெயின்ற் பளபளக்கும். இவை வாங்குபவர் கண்ணுக்குப் புலப்படா. வண்டியை உயர்த்தி, அடியிற் சென்று பார்ப்பவருக்கே புலப்படும். அவரைத்தான் சட்டம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது!

இதனால் ஆதாயம் பெறுபவர் யார்? நேர்மையாளர் விலக்கு இருந்தாலும் சோதிப்பார். நேர்மையற்றவரோ "எம்.ஓ.ரி. தேவையில்லை" என்பதை ஒரு சிறப்பாகவே விளம்பரத்தில் எழுதுவார். பரிசோதனை தேவையில்லை என்பது வேறு. வண்டி நலமாயுள்ளது என்பது வேறு. சட்டம் பரிசோதனையை மட்டுமே நீக்கியது, பொறுப்பை நீக்கவில்லை. ஆபத்தான நிலையிலுள்ள வண்டியை ஓட்டுபவருக்கு 2,500 பவுண் வரை தண்டம் உண்டு. அனுமதிப்பத்திரத்தில் 3 தண்டப் புள்ளிகளும் உண்டு. விற்றவர் பணத்துடன் போய்விட, வாங்கியவர் நீதிமன்றில் நிற்பார். வீதிக்கு உதவாத வண்டியை விற்பதும் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. ஆனால், சோதனையே இல்லாதபோது அக்குற்றம் விபத்துக்குப் பின்னரன்றோ வெளிப்படும்?

பரிசோதனையில் தேறிய வண்டி ஆண்டு முழுவதும் பழுதின்றி ஓடும் என்று நாம் கூறவில்லை. அது ஒருநாட் சாட்சியமே. எனினும், சாட்சியமே இல்லாதிருப்பதினும் அது மேலானது.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. உரிமையாளர் தம்மிடமே வைத்திருக்கும் வரை விலக்கு இருக்கட்டும். வண்டி கைமாறும் நாளில் பரிசோதனை கட்டாயமாகட்டும். அதுவரை வாங்குவோர் தாமே விழிப்பாயிருத்தல் வேண்டும். 2005 முதலான பரிசோதனை வரலாற்றைப் பதிவிலக்கத்தைக் கொண்டு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2018க்குப் பின் அது வெறுமையாயிருப்பின், பணம் கொடுக்குமுன் வண்டியைச் சோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். காருக்கான உச்சக் கட்டணம் 54.85 பவுண் மட்டுமே. விற்பவர் மறுத்தால், அம்மறுப்பே உங்களுக்குக் கிடைத்த பரிசோதனை முடிவு, திரும்பி வந்துவிடுங்கள்.

முதுமைக்கு மதிப்பளிப்பது பண்பு. முதுமையையே நலத்துக்குச் சான்றாகக் கொள்வது மடமை. வீதியைக் கடக்கும் குழந்தைக்கு, தன்னை நோக்கி வரும் வண்டியின் வயது தெரியாது. அது நிற்குமா, நில்லாதா என்பதே அதன் உயிர்ப் பிரச்சினை!