தனுஷ்கோடியின் சுவர்கள்

தனுஷ்கோடி என்றவுடன் நம் ஜனங்களுக்கு நினைவு வருவது 1964ஆம் வருஷத்துப் புயல் ஒன்றுதான். டிசம்பர் 22ஆம் தேதி இரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடலுக்கு இரையான துக்கம் எளிதில் ஆறக்கூடியதன்று. ஆயினும் அந்த ஓரிரவுக்கு முன்பாக, அரை நூற்றாண்டுக் காலம், ஜனசந்தடி ஓயாத ஒரு ரயில் துறைமுகம் அங்கே செழித்திருந்ததையும், இன்று மணலில் நிற்கும் சிதைந்த கட்டடங்கள் யாவும் அந்தச் செழிப்பில் எழுந்தவை என்பதையும் நாம் அறவே மறந்துவிட்டோம்.

முன்னாளில் கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டோடு போட் மெயிலில் வந்து, தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற நீராவிக் கப்பல்களிலும், பிற்காலத்தில் இர்வின், கோஷன் ஆகியவற்றிலும் ஏறித் தலைமன்னார் சேர்ந்து, அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு போய்விடலாம் என்ற சௌகரியம் உண்டாயிற்று. அந்தப் போக்குவரத்தின் பொருட்டே ஸ்டேஷனும், சுங்க அலுவலகமும், தபாலாபீஸும், ஆஸ்பத்திரியும், பள்ளிக்கூடமும், மாதா கோயிலும், ரயில்வே சிப்பந்திகளின் குடியிருப்புகளும் அந்த மணல்திட்டில் எழுந்தன.

ஆனால் முதல் வகுப்புப் பிரயாணிகளைக் காட்டிலும் அந்த வழிக்கு உரிமை கொண்டாட வேண்டியவர்கள் வேறு சிலர். மண்டபம் முகாமில் வைத்தியப் பரிசோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டு, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்ட நம் ஏழைக் குடும்பங்கள், தாய்நாட்டு மண்ணை இறுதியாக மிதித்த இடங்களுள் இந்தத் துறையும் ஒன்று. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தாகி, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியா திரும்புவதென முடிவாகி, இரண்டு மாதம் நிறைவதற்குள் அவர்களுடைய முன்னோர் கடந்துபோன துறை அழிந்துவிட்டது. பின்னாளில் தாயகம் திரும்பியவர்கள் ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். இந்தச் சரித்திரத்தை அங்கே வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

மாதா கோயிலின் சுவரை அருகில் சென்று பார்த்தால் அதன் அருமை விளங்கும். கூரை இல்லை, மேற்பூச்சு பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடங்களில், தேன்கூட்டைப் போல் கண் கண்ணாக, கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கற்கள் தெரிகின்றன. அவற்றைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. கையால் தடவினாலே பொடிந்து விழும் நிலையிலுள்ள அந்தக் கற்களின்மேல், ஆணியால் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போகிறவர்களைக் கண்டு மனம் வேதனைப்படுகிறது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் வருகிறவர்களின் தொகை பெருகியிருக்கிறது. சங்கும் சிப்பியும் விற்று ஜீவிக்கும் கடைக்காரர்களை விரட்ட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சுவரை ஒட்டிப் பந்தல் போடாமல், சற்றுத் தள்ளி அவர்களுக்கு நிழலுள்ள இடம் ஒதுக்கித் தரலாம்.

இந்தக் கட்டடங்களைப் புதிதாக எழுப்ப வேண்டியதில்லை. நிற்கிற வரையில் நிலைநிறுத்தினால் போதும். அதற்கும் சிமெண்டைக் கையாளக் கூடாது. உப்பீரம் ஊறிய கல்லைச் சிமெண்டால் மூடினால், ஈரம் வெளியேற வழியின்றி, உள்ளே உப்பு படிந்து கல்லையே உடைத்துவிடும். சுண்ணாம்புச் சாந்து அறிந்த கொத்தர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். வேலையை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ராமேசுவரத்திலிருந்து மறுபடி ரயில் விடுவதற்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தப் பாதை வந்தாலும் வராவிட்டாலும், பழைய ஸ்டேஷனின் எஞ்சிய தூண்களும் தண்ணீர்த் தொட்டியும் காக்கப்பட வேண்டியவையே. ஒவ்வொரு கட்டடமும் இன்னதென்று நல்ல தமிழில் எழுதிய பலகை அதனதன் முன்னே நிற்க வேண்டும்.

இவற்றினும் அவசரமான காரியம் ஒன்றுண்டு. அந்த ஊரில் பிறந்து, அந்தப் பள்ளியில் படித்து, புயலுக்குத் தப்பிப் பிழைத்த சிறுவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். ராமேசுவரத்திலும் பாம்பனிலும் இருக்கும் அவர்களை அந்தச் சுவர்களினிடையே அழைத்துச் சென்று, எது எங்கே இருந்தது, யார் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்று கேட்டு எழுதி, ரயில்வேயிடமுள்ள பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பதிவுசெய்யும் பணியை, அடுத்த மழைக்காலம் வருமுன்பே தொடங்கிவிட வேண்டும்.