முந்தானையும் பின்சக்கரமும்

சகோதரிகளே, எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் கட்டி அனுப்புகிறவர்கள் வேலை செய்வதை ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஊறுகாய் ஜாடியோ, கொலு பொம்மையோ, பெட்டியின் அடியில் வைக்கோல், இடுக்கில் வைக்கோல், மேலே வைக்கோல். பெட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அது மட்டும் போதாது. உள்ளே நசுங்கிக் கொடுக்கிற ஒன்று வேண்டும். லாரி குலுங்கும்போது வைக்கோல் நசுங்கும், ஜாடி பிழைக்கும்.

ஹெல்மெட் சமாசாரமும் இதேதான். வெளி ஓடு பெட்டி. உள்ளே இருக்கிற தெர்மோகோல் மாதிரியான வெள்ளைப் பகுதிதான் வைக்கோல். மேலே வழவழவென்று துணி தைத்திருப்பதைப் பார்த்து, அதுதான் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் சொகுசு. அடி விழுகிற நேரத்தில் அந்த வெள்ளைப் பகுதி நசுங்கி அதிர்ச்சியைத் தான் வாங்கிக் கொள்கிறது. ஒரு தடவை நசுங்கினால் மறுபடி எழும்பாது. ஆகையால் விபத்தில் அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. பீங்கான் கோப்பையில் கீறல் இருந்தால் விரலால் சுண்டினாலே சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். ஹெல்மெட்டில் அந்த வசதி கிடையாது.

ஜாடியை இத்தனை பக்குவமாக அனுப்புகிற ஊரில் காலை ஒன்பது மணிக்குக் கடலூர் ரோட்டில் நின்று பாருங்கள். வீட்டுக்காரர் தலையில் ஹெல்மெட். பின்னால் மனைவி வெறுந்தலை, ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் டிபன் கூடை, இன்னொரு கையில் குழந்தை. பிடித்துக் கொள்ளக் கை எங்கே? "நான் ஓட்டவா செய்கிறேன், சும்மாதானே உட்கார்ந்து வருகிறேன்" என்று சொல்வார்கள். தார் ரோட்டுக்கு ஓட்டுகிற தலை, உட்கார்ந்து வருகிற தலை என்ற வித்தியாசம் தெரியாது. இன்னும் சொல்லப் போனால், முன்னால் இருப்பவருக்குப் பிடிக்க ஹாண்டில்பார் இருக்கிறது, பள்ளம் வருவதும் முன்கூட்டியே தெரிகிறது. நமக்கு இரண்டும் இல்லை.

சட்டமும் நம்மை விட்டு வைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஹெல்மெட் கட்டாயமானபோதே பின்னால் உட்காருகிறவர்களையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் என்று ஆக்கி, அபராதத்தை ஆயிரம் ரூபாயாக்கினார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஓரளவு நல்ல ஹெல்மெட்டே வாங்கிவிடலாம் என்பது நம் கணக்கு! ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முத்திரை இல்லாததை விற்கவே கூடாது என்று 2021 ஜூனிலிருந்து தடை இருந்தும் ரோட்டோரத்தில் விற்கத்தான் செய்கிறார்கள். அதுவெல்லாம் தலைக்குக் கவிழ்த்த பிளாஸ்டிக் கிண்ணம், அவ்வளவுதான்.

வாங்கும்போது போட்டுக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டும் கூடவே திரும்ப வேண்டும். தலை மட்டும் உள்ளே சுற்றினால் அது பெரிய அளவு. தாடைப் பட்டியைப் பூட்டினால் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. பட்டியைப் பூட்டாமல் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்று. விழுகிற வேகத்தில் நமக்கு முன்னால் ஹெல்மெட் பறந்துவிடும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அரேபியாவின் லாரன்ஸ் என்று பெயர் பெற்ற ஆங்கிலேயர் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் ஒடித்துத் திருப்பி, விழுந்து, தலையில் அடிபட்டு ஆறாம் நாள் இறந்துபோனார். தலையில் கவசம் இல்லை. அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அதை அப்படியே விட்டுவிடாமல் ஆராய்ந்து, 1941-இல் கவசம் எப்படி உயிர் காக்கிறது என்று எழுதினார். அதன் பிறகுதான் பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அது கட்டாயமாயிற்று. பிற்காலத்தில் பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று தெரிந்தது.

சரி, தலையை விடுங்கள். நமக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அது முந்தானை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. மகன் புது மோட்டார் சைக்கிள் வாங்கினான். வாங்கிய வாரத்திலேயே இடப்பக்கம் பின்சக்கரத்தை மறைத்திருந்த சாரி கார்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டான். கேட்டால், "அது கிழவன் வண்டி மாதிரி இருக்கு அத்தை" என்று என்னிடமே சொன்னான். மூன்று மாதம் கழித்து ஒரு கிருத்திகையன்று மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். புதுப்பட்டு, நீள முந்தானை. காற்றில் பறந்து சக்கரத்துக்குள் போனது. வண்டி மெதுவாகப் போனதால் உயிர் தப்பியது. முழங்கை எலும்பு முறிந்து, கன்னத்தில் தையல் போட்டு, இரண்டு மாதம் அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைப் பிராது எழுதிக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மகன் மேல் எந்தத் தாய் பிராது கட்டுவாள்? அக்கா கடைசி வரை, "புடவை வழுவழுன்னு இருந்துச்சும்மா" என்று புடவை மேல்தான் பழியைப் போட்டார்.

துணியும் சக்கரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உலகத்துக்கே 1927-இல் தெரிந்துவிட்டது. இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நாட்டிய மங்கை பிரான்சின் நீஸ் நகரில் திறந்த காரில் ஏறினார். கழுத்தில் சுற்றியிருந்த நீளமான பட்டுத்துணி சக்கரத்தில் சிக்கி, கார் கிளம்பிய இடத்திலேயே உயிர் போய்விட்டது. சுடிதார் போடுகிற பெண்களே, உங்கள் துப்பட்டாவும் அதே நீளம்தான். கழுத்தில் சுற்றிப் பின்னால் தொங்கவிடாதீர்கள். குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துவிடுங்கள்.

நம் நாட்டில் இதற்கு விதியே இருக்கிறது. 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருகிறவருக்குப் பிடிமானம் வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், உடை சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியாவது மறைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆக, சாரி கார்டு கடைக்காரர் தருகிற இனாம் இல்லை, நம் உரிமை. கழற்றி வைத்திருந்தால் ஏறாதீர்கள். "பஸ்ஸில் வருகிறேன், நீ போ" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், மறுநாளே மாட்டிவிடுவார்கள். முந்தானையை முன்னுக்கு இழுத்து இடுப்பில் செருகி, தோளில் ஒரு ஊக்குக் குத்திக்கொண்டு ஏறுங்கள். கூடையை மடியில் வைக்காமல் வண்டியில் மாட்டுங்கள். ஒரு கை எப்போதும் பின்கைப்பிடியில் இருக்கட்டும். முடிந்தால் சுடிதாரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே மேல். எங்கள் மாமியார் காலத்தில் இதைச் சொன்னால் வீட்டைவிட்டே அனுப்பியிருப்பார்கள், இன்று யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒரு நிமிஷம் நடப்பது ஆண்கள் வேலை என்று விட்டுவிட வேண்டாம். டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பது காற்றுப் பார்ப்பது ஆகாது. வாரத்துக்கு ஒரு முறை, ஓடிச் சூடாவதற்கு முன், பங்க்கில் அளந்து அடிக்க வேண்டும். ஆள் பின்னால் ஏறினால் பின் டயருக்கு எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்திலேயே போட்டிருக்கும். பிரேக்கைப் பிடித்துப் பின்விளக்கு எரிகிறதா என்று நாம் பின்னாலிருந்து சொன்னால்தான் ஓட்டுகிறவருக்குத் தெரியும். சைடு ஸ்டாண்டு எடுத்தாயிற்றா என்று கேட்பதும் நம் வாயில் வரட்டும்.

2018-இல் வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசாங்கம் ஸ்கூட்டர் மானியம் கொடுத்த பிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களில்கூடப் பெண்கள் தாங்களே ஓட்ட ஆரம்பித்தார்கள். நானும் நாற்பத்திரண்டு வயதில் எல்.எல்.ஆர். எடுத்தேன். சொல்லிக் கொடுத்தது என் மகள். "அம்மா, சக்கரத்தைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும்" என்பாள். பிரேக் பிடிப்பது எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. வெடுக்கென்று இழுக்காமல், இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்ல ஆரம்பித்து அழுத்திக்கொண்டே போக வேண்டும். நிறுத்தும்போது பாரம் முன்னால் வருவதால் முன் பிரேக்குக்குத்தான் அதிக வலு. அதைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்லித் தருவது சரியல்ல. மணலிலும் ஈரத்திலும் மட்டும் ரொம்ப இதமாக.

எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் உளுந்தும் எள்ளும் ரோட்டிலேயே காயும். அதன்மேல் ஏறும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, நேராக உருண்டு போங்கள். அங்கே திருப்பவும் கூடாது, பிரேக்கும் கூடாது. இரவில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

குழந்தை விஷயம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை, குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பட்டையும் சின்ன ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி. பட்டை சைக்கிள் கடையில் இல்லாவிட்டால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார வைப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பூவும் கொண்டையும்தான் ஹெல்மெட்டுக்கு விரோதி என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். கொண்டையைக் கழுத்தை ஒட்டிக் கீழே போடுங்கள், அல்லது ஒற்றைப் பின்னல். பூவை நனைத்த வாழையிலையில் சுற்றிக் கூடையில் எடுத்துப் போய், இறங்கிய பின் வைத்துக் கொள்ளலாம். உள்துணியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால், கழற்ற வருகிற வகையானால் கழற்றி, சீயக்காய்த் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கழற்ற வராததைச் சோப்பு நுரையில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்க வேண்டாம், அந்த வெள்ளைப் பகுதி கரைந்துவிடும்.